மாப்பிள்ளை ஊற்றிய ஆயில்

அரியூர் நாடு என்ற மலைக் கிராமங்களின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய உயர்மட்ட விசாரணைக் குழு ஒன்று, புதன்கிழமை காலை அர்த்தனாரி வீட்டு வாசலில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் தானாகவே கூடியது. விசாரணைக்குரிய பொருள்: அர்த்தனாரியைக் கொன்றது அவருடைய நெஞ்சா, அவருடைய மோட்டார் சைக்கிளின் பிரேக்கா? தலைவர், முன்னாள் ஊராட்சி மன்ற உறுப்பினர் செல்லமுத்து. உறுப்பினர்கள், பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்த எல்லோரும். கிடைக்காதவர்கள் பார்வையாளர்கள். அர்த்தனாரி உள்ளே ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். அவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலை செம்மேட்டுக்குப் போய்விட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். ஊருக்கு முன்னால் வரும் இறக்க வளைவில் வண்டி பள்ளத்தில் சாய்ந்து கிடக்க, பக்கத்தில் அவரும் கிடந்ததை அன்னாசி ஏற்றி வந்த வேன்காரர் பார்த்தார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. வேறு காயம் இல்லை. மலைக்குக் கீழே கொண்டுபோய் அறுத்துப் பார்த்த டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். “நெஞ்சு நின்னு விழுந்தாரா, விழுந்த அதிர்ச்சியில நெஞ்சு நின்னுச்சான்னு என்னால சொல்ல முடியாது” என்று வாயாலும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் செல்லமுத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“நெஞ்சடைப்புன்னா அதோட முடிஞ்சுது,” என்றார் அவர். “பிரேக் புடிக்காம வளைவுல போயிட்டாருன்னா அது பொதுப் பிரச்சனை. அங்க தடுப்பு போடச் சொல்லி நான் எத்தன மனு குடுத்திருப்பேன்? இன்னைக்கு ஒரு உசுரு போயிருச்சு. நிருபருக்குப் போன் பண்ணியாச்சு.”

மாரடைப்புக்காக எந்த நிருபரும் மலை ஏறி வருவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் அர்த்தனாரியின் மாப்பிள்ளை தனபால் தொண்டையைச் செருமினான். தனபாலும் அதே மலையில், பைல் நாட்டில் பிறந்தவன்தான். நாமக்கல்லில் அரசு வேலை கிடைத்த நாளிலிருந்து மலையை ‘அங்கே’ என்று சொல்லுவான், மலையில் நின்றுகொண்டிருக்கும்போதும். அலுவலகத்தில் உதவியாளர். கண்காணிப்பாளர் விடுப்பில் போனால் பொறுப்புக் கண்காணிப்பாளர். அந்த நாள்களில் வீட்டிலும் கண்காணிப்பாளர்தான். உலகத்தில் எந்த வேலையையும் செல்போனில் வீடியோ பார்த்துச் செய்துவிடலாம் என்பது அவன் கொள்கை. மாமனார் வீட்டுக்கு வந்தால் எதையாவது பிரித்து மாட்டாமல் கீழே இறங்கியதில்லை.

“பிரேக்கா இருக்க வாய்ப்பே இல்லீங்க,” என்றான். “ஞாயித்துக்கெழமதான் நானே பிரேக் ஆயில் செக் பண்ணி, டாப்-அப் பண்ணிக் குடுத்தேன்.”

“நீங்களேங்களா மாப்பிள்ளை?” என்றார் தலைவர்.

“நானேதாங்க.”

அதற்குப் பிறகு அவனை நிறுத்த யாராலும் முடியவில்லை. வண்டியை முதலில் நடு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். சாய்த்து வைத்துக்கொண்டு அளவு பார்க்கிறவன் மூடன். ஹேண்டில்பார் நேராக இருக்க வேண்டும். வலது கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன டப்பாவில் ஒரு கோடு உண்டு. ஆயில் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் ஆபத்து. திறக்கும் முன்னால் மூடியைத் துடைக்க வேண்டும், ஒரு தூசி உள்ளே விழக் கூடாது. டேங்க் மேல் துணி போட வேண்டும், ஒரு சொட்டு சிந்தினாலும் பெயிண்ட் உரிந்து வந்துவிடும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. இதையெல்லாம் அவன் ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னபோது நாற்காலிக்காரர்கள் வந்த காரியத்தை மறந்து தலையாட்டினார்கள். அவன் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை.

“சந்தேகம்னா ஒரு மெக்கானிக்கக் கூப்பிட்டுப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க,” என்று அவனே முடித்தும் வைத்தான். “எனக்கு ஆட்சேபணை இல்லை.”

ஆட்சேபணை என்ற சொல் செல்லமுத்துவுக்குப் பிடித்துப்போயிற்று. உடனே செம்மேட்டு மெக்கானிக் மாரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“சாவுக்குத்தானுங்க கெளம்பிக்கிட்டிருக்கேன்,” என்றது மாரியின் குரல்.

“ஸ்பேனரும் எடுத்துக்கிட்டு வா.”

“சாவுக்குங்களா?”

“வாடா, சொல்றேன்.”

தூறல் விழத் தொடங்கியது. தலைவர் நனையக் கூடாது என்பதற்காக, குடை எடுக்கத் தனபால் எழுந்து போனான். காபிச் செடிகளின் ஓரமாக நின்ற தன் ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கினான். குடையை இழுத்தபோது அதற்கடியில் ஒரு சின்ன பாட்டில் உருண்டது. தன் வண்டிக்கு வாங்கிய கியர் ஆயில், இன்னும் ஊற்றாமலே கிடக்கிறதே என்று எடுத்துப் பார்த்தான்.

பாட்டிலில் ‘பிரேக் ஃப்ளூயிட்’ என்று எழுதியிருந்தது. சீல் உடையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லில் அவன் வாங்கியது இரண்டு பாட்டில்கள். மாமனார் வண்டிக்குப் பிரேக் ஆயில், தன் ஸ்கூட்டருக்குக் கியர் ஆயில். இரண்டும் ஒரே உயரம், ஒரே பருமன், ஒரே பையில். மாமனார் வீட்டு வாசலில் மூடியைத் துடைத்து, ஸ்குரூவைக் கழற்றி, உள்ளேயிருந்த ரப்பரை எடுத்து வைத்துவிட்டு, ஆபரேஷன் செய்கிற டாக்டர்போலத் திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டி, “சங்கீதா, ஆயில்” என்றிருந்தான்.

பிரேக் ஆயிலை இந்த ஊர்ப்பக்கம் யாரும் ஃப்ளூயிட் என்று சொல்வதில்லை. கடைக்காரர் பிரேக் ஆயில் என்கிறார். மெக்கானிக் பிரேக் ஆயில் என்கிறான். அவன் பார்த்துப் படித்த வீடியோக்காரரும் பாதி நேரம் பிரேக் ஆயில் என்றுதான் சொன்னார். பாட்டிலில் பெயர் அச்சடித்த கம்பெனிக்காரன் ஒருவனுக்குத்தான் அது ஃப்ளூயிட். சங்கீதா பி.ஏ. படித்தவள். பையைத் திறந்தாள், இரண்டு பாட்டிலையும் வாசித்தாள், எதில் ஆயில் என்று போட்டிருந்ததோ அதை எடுத்துக் கொடுத்தாள். அவன் ஊற்றினான். மிச்சத்தை மாமனாரிடம் கொடுத்து, “வெச்சுக்கங்க மாமா, நல்ல கம்பெனி” என்றும் சொன்னான்.

வேறு எந்த ஆயிலையும் தவறிக்கூட ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போய் பிரேக் கைவிட்டுவிடும் என்று வீடியோ முடிவில் வந்தது. தனபால் முடிவுவரை பார்த்திருந்தான். லைக்கும் போட்டிருந்தான்.

தூறலில் குடையை விரிக்காமலே நின்றான். எடுத்துக் கொடுத்தது அவள்தானே என்று ஒரு நினைப்பு, அவனிடம் அனுமதி கேட்காமல் வந்தது. கொஞ்ச நேரம் அது இதமாகக்கூட இருந்தது. பிறகு வீட்டுக்குள் பார்த்தான். சங்கீதா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் பனி படரப் படர, முகம் தெரிய வேண்டும் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்து அவள் செய்தது அது ஒன்றுதான்.

மாரி வந்து மூடியைத் திறப்பான். “இது கியர் ஆயிலுங்க” என்று வாசல் முழுக்கக் கேட்கிறமாதிரி சொல்லுவான். செல்லமுத்து யார் ஊற்றியது என்று கேட்கவே வேண்டியதில்லை, அவன் விரல் மடக்கிச் சொல்லியாகிவிட்டது. அதுகூடப் போகட்டும். அந்த பாட்டிலை எடுத்து நீட்டிய கை தன்னுடையது என்று சங்கீதாவுக்கு ஞாபகம் வரும். வந்தால் போகாது. அவள் அப்படிப்பட்டவள்.

உள்ளே போனான்.

“ஏனுங்க, இப்படி நனஞ்சுக்கிட்டு நிக்கறீங்க? கையில கொட இருக்குதல்ல?” என்றாள் சங்கீதா.

“சங்கீதா, அந்த ஆயிலு…”

“குளிப்பாட்டற எண்ணெ, அரப்பெல்லாம் அம்மா எடுத்து வெச்சிருச்சு. நீங்க போய் மாலை வந்துருச்சான்னு பாருங்க.”

மாமியார் பொன்னம்மாள் அழுது அழுது கம்மிப்போன குரலில் பக்கத்திலிருந்து சொன்னாள்: “மாப்பிள்ளைக்குக் காபித்தண்ணி குடுத்தீங்களா யாராச்சும்? ஞாயித்துக்கெழம பூரா அவருக்கு அதே பேச்சுங்க மாப்ள. நீங்க கை வெச்சா வண்டி புதுசாட்டம் ஓடுதுன்னு.”

தனபால் வெளியே வந்தான். குடையைச் செல்லமுத்துவிடம் கொடுத்தான். குழி வெட்டுமிடத்துக்கு ஆள்களைக் கூட்டிக்கொண்டு போன மச்சினன் விமல்ராஜ், “மச்சான், வாரீங்களா?” என்று கேட்டான். “நீ போ, வாரேன்” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்பக்கம் போனான்.

விறகு அடுக்கியிருந்த கொட்டகைக்குள் வண்டி நின்றது. ஹேண்டில்பார் கொஞ்சம் கோணியிருந்தது, ஒரு இண்டிகேட்டர் உடைந்திருந்தது, சக்கரத்தில் பள்ளத்துச் சேறு காய்ந்திருந்தது. வேறு ஒன்றுமில்லை. தனபாலின் சட்டைப் பையில் அந்த சீல் உடையாத பாட்டில் இருந்தது. கொட்டகைச் சுவரில் மாமனாரின் ஸ்குரூ டிரைவர் செருகியிருந்தது. மாரி வருவதற்குள் இருக்கிறதை வெளியே எடுத்துவிட்டு இதை ஊற்றிவிட்டால் போதும். டப்பாவில் இருப்பதை மட்டும் மாற்றினால் குழாய்க்குள் போனது மாறாது என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் பார்க்கிறவன் மூடியைத் திறந்துதானே பார்ப்பான். கோப்பில் மேல்தாளை மாற்றிவைத்துப் பழகிய கை.

வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றினான். ஹேண்டில்பாரை நேராக்கினான். மூடியைத் துடைத்தான், பழக்கதோஷம். பிரேக் பிடியை மட்டும் அழுத்திப் பார்க்கவில்லை. அழுத்தினால் தெரிந்துவிடும். ஸ்குரூக்களைக் கழற்றி, மூடியை எடுத்து, ரப்பரை விரல் நுனியால் தூக்கி உள்ளே பார்த்தான்.

வெளிர் மஞ்சளாக, அடிவரை தெளிவாக, கோட்டளவுக்குச் சரியாக ஆயில் நின்றது. கலங்கல் இல்லை, பிசுக்கு இல்லை. ரப்பர் புதுக் கறுப்பாக இருந்தது. தனபால் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தான். ஒன்றும் புரியவில்லை.

“ஏனுங்க, மறுபடியும் அதத் தொறந்துட்டீங்களா?”

கொட்டகை வாசலில் மாரி நின்றான். ஒரு கையில் சம்பங்கி மாலை, இன்னொரு கையில் ஸ்பேனர் பை. வேட்டி வெள்ளையாக இருந்தது.

“மறுபடியும்னா?” என்றான் தனபால்.

“நீங்கதானுங்களே அந்த மாப்பிள்ளை?” மாரி அவனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தான். நெடுநாள் கேள்விப்பட்ட ஊரை முதல்முதலாகப் பார்க்கிறவன் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. “ஞாயித்துக்கெழம நீங்க இங்கிருந்து கெளம்புன கையோட பெரியவரு எனக்குப் போனப் போட்டாருங்க. ‘மாரி, மாப்பிள்ளை பிரேக்குல என்னத்தையோ ஊத்திப்போட்டாரு, வாசமே வேற மாதிரி இருக்குது, காலையில வாரேன்’னாரு. முன் பிரேக்கத் தொடாமயே மெதுவா ஓட்டிக்கிட்டு வந்து நின்னாரு. மிச்ச பாட்டிலையும் கையிலயே கொண்டாந்தாரு. பாத்தா கியர் ஆயிலுங்க! எனக்கு அழுவறதா சிரிக்கறதான்னு தெரியல. பூராத்தையும் வெளிய எடுத்து, கழுவி, ரப்பர் முச்சூடும் புதுசு போட்டு, புது ஆயில் ஊத்தி அனுப்புனேன். திங்கக்கெழம மத்தியானம்.”

தனபால் கணக்குப் போட்டான். திங்கள் மத்தியானம். செத்தது செவ்வாய் காலை.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே அவரு.”

“எப்படிங்க சொல்லுவாரு? நீங்க மாப்பிள்ளையாச்சுங்களே.”

அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல மாரி மாலையை விறகின் மேல் வைத்துவிட்டு வண்டிப் பக்கம் குனிந்தான். விளக்கம் தேவையும் இல்லை. மாப்பிள்ளை வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். இலையில் முதலில் அவருக்குத்தான் பரிமாறுவார்கள். அவர் சொல்லும் நகைச்சுவைக்குச் சிரிப்பார்கள். அவர் கெடுத்ததை அவர் போன பிறகு சரிபண்ணுவார்கள். தனபாலுக்கு இதில் முதல் மூன்றும் தெரியும்.

“போன தடவ செயின டைட் பண்ணிக் குடுத்தீங்க பாருங்க, அதும் எங்கிட்டத்தான் வந்துது,” என்றான் மாரி, மூடியைப் பொருத்திக்கொண்டே. “அதுக்கு முன்னாடி ஹெட்லைட்டு. நீங்க வந்துட்டுப் போனாவே எனக்கு மக்யா நாளு ஒரு வேல இருக்கும். மிக்ஸி ஒண்ணுதான் எனக்குத் தெரியல, அது சேந்தமங்கலம் போயி புது மோட்டார் போட்டுக்கிட்டு வந்துது.” சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீடு என்று ஞாபகம் வந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

“திட்டுவாரா?” என்று தனபால் கேட்டான்.

“அதெல்லாம் இல்லீங்க. ‘அவரு ஆசயாப் பண்றாரு, புள்ள முன்னாடி அத எதுக்குச் சொல்லிக்கிட்டு’ம்பாரு. ‘நீயும் எங்கயாச்சும் வாயத் தொறந்துறாத’ம்பாரு. இப்பத் தொறந்துட்டேன் பாருங்க.” மாரி நிமிர்ந்தான். “புடிச்சுப் பாருங்க.”

தனபால் பிரேக் பிடியை அழுத்தினான். கல்லைப்போல நின்றது. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினான். குடை எடுத்ததிலிருந்து தன்னை ஒரு கொலைகாரன் என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு, அதற்கும் தான் லாயக்கில்லை என்று தெரிந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, விறகில் ஏதோ தேடுகிறவன்போலக் கொஞ்ச நேரம் நின்றான். மாரி ஸ்பேனர் பையின் வாரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான்.

“அங்க கேப்பாங்களே,” என்றான் தனபால் கடைசியில்.

“கேட்டா பிரேக் நல்லா இருக்குதும்பேன். இருக்குதல்லங்க?”

விசாரணைக் குழு எழுந்து நின்றே தீர்ப்பைக் கேட்டது.

“பிரேக் நல்லா இருக்குதுங்க,” என்றான் மாரி.

“நல்லாப் பாத்தியா?” என்றார் செல்லமுத்து.

“பாத்தனுங்க.”

“லேசாக்கூட ஒண்ணும் இல்லையா?”

“இல்லீங்க. புது வண்டியாட்டம் புடிக்குது.”

“பின்ன! மாப்பிள்ளை கை வெச்சதல்ல?” என்றார் நாற்காலிக்காரர் ஒருவர். பலரும் தனபாலைப் பார்த்தார்கள். அவன் தன் செருப்பைப் பார்த்தான். வழக்கமாக இந்த இடத்தில் அவன் இன்னும் இரண்டு விரல் மடக்கியிருப்பான்.

செல்லமுத்து கொஞ்சம் தள்ளிப் போய் நிருபரிடம் பேசினார். அந்த வளைவைப் பார்த்த பயத்தில்தான் நெஞ்சு நின்றிருக்கும் என்று சொல்லிப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததோ, போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பூமாலை வந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டக் கிடத்தினார்கள். எண்ணெயும் அரப்பும் வைக்கச் சொன்னபோது தனபால் வரிசையில் நின்று வைத்தான். மாமனாரின் நெற்றி சில்லென்று இருந்தது. கை வைத்தவன் சட்டென்று எடுக்கவில்லை. பின்னால் நின்றவர் “நகருங்க மாப்பிள்ளை” என்று சொல்ல வேண்டியிருந்தது. காபிக் காட்டுக்குள் வழி வழுக்கியது. குழியில் மண் விழுந்த பிறகு, அதுவரை அழாத சங்கீதா அழுதாள். அவன் பக்கத்தில் போய் நின்றான்.

“என்னங்க, ஒரு மாதிரியா இருக்கீங்க,” என்றாள் அவள் மூக்கைச் சிந்திவிட்டு.

“ஒண்ணுமில்ல.”

“அப்பா உங்களப் பத்தித்தான் எந்நேரமும் பேசிக்கிட்டிருக்கும்.”

“ஆமா,” என்றான். “கேள்விப்பட்டேன்.”

திரும்பி வந்து எல்லோரும் குளிக்க வேண்டும். வாசல் தொட்டியில் தண்ணீர் தீர்ந்திருந்தது. விமல்ராஜ் மோட்டார் சுவிட்சைத் தட்டினான். ஓடவில்லை. மறுபடி தட்டினான். அதற்குள் நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். மோட்டார் காயில் எரிந்திருக்கும் என்றார் ஒருவர். போர்வெல்லில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றார் இன்னொருவர். மலையில் போர்வெல் போட்டதே தப்பு என்று செல்லமுத்து ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தார்.

தூறலில் நனைந்த சேலையோடு நின்ற பொன்னம்மாள், “மாப்ள, நீங்க ஒருக்காப் பாருங்களேன்,” என்றாள்.

எல்லோரும் வழி விட்டார்கள். விமல்ராஜ் ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்து நீட்டினான். மாரி வேலியோரம் நின்று வேறெங்கோ பார்த்தான். தனபால் ஸ்குரூ டிரைவரை வாங்கவில்லை. மோட்டார் பெட்டிப் பக்கமும் போகவில்லை. வீட்டுக்குள் தலையை நீட்டி, கதவோரத்து லைட் சுவிட்சைப் போட்டான். அணைத்தான். மறுபடி போட்டான்.

கரண்ட் இல்லை.